வீட்டோடு வரும் பொருள்களுக்கு எப்போது விலை பேசுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில், அண்மையில் தம் வீட்டை விற்ற ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். சமையலறை அலமாரிகள், ஏ.சி., திரைச்சீலைகள், கூடத்துத் தொங்குவிளக்கு என எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்து வைத்திருந்தாராம். வீட்டை வாங்கியவர் அவற்றுக்குத் தனியாக ஒரு தொகை தர மறுத்துவிட்டாராம். ‘நான் கொட்டிய பணத்துக்கு மதிப்பே இல்லையா?’ என்று மிகவும் மனம் நொந்து கேட்டிருந்தார்.

நான் தச்சுத் தொழில் செய்பவன். அவர் வீட்டில் இருப்பவை போன்ற அலமாரிகளைச் செய்து பொருத்துவதும், வீடு கைமாறும்போது கழற்றுவதும் என் பிழைப்பு. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே இழுபறி வந்தால், ‘நீங்களே ஒரு விலை சொல்லுங்கள்’ என்று இரு தரப்பும் கூப்பிட, நடுவில் நின்று சொல்லியிருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். அந்த வாசகரின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் கேட்ட தொகையும், கேட்ட நேரமும் இரண்டுமே சரியில்லை என்பது என் கருத்து.

நேரத்தை முதலில் சொல்கிறேன். பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுதான். வீட்டைப் பார்க்க வருபவருக்கு எல்லா அறைகளையும் திறந்து காட்டுகிறார்கள். சமையலறையில் அலமாரி இருக்கிறது, குளியலறையில் கீசர் இருக்கிறது, படுக்கையறையில் சுவரளவுக்குத் துணி அலமாரி இருக்கிறது. விளம்பரத்துக்கு எடுத்த படங்களிலும் இவைதாம் முன்னால் நிற்கின்றன. பார்ப்பவர் அந்தக் கோலத்தில்தான் வீட்டை மனத்தில் வாங்குகிறார். அதற்குத்தான் விலை சொல்கிறார். பேரம் முடிகிறது, முன்பணம் கைமாறுகிறது. அதன் பிறகு ஒரு நாள் விற்பவர் ஒரு தாளை நீட்டுகிறார்: ‘அலமாரிக்கு இவ்வளவு, ஏ.சி.க்கு இவ்வளவு, விளக்குகளுக்கு இவ்வளவு.’

வாங்குபவர் அந்த நேரத்தில் என்ன செய்ய முடியும்? முன்பணம் கொடுத்தாகிவிட்டது. இருக்கும் வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. கடனுக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. மறுத்தால் அலமாரியைப் பெயர்த்துக்கொண்டு போய்விடுவார்களோ, சுவரெல்லாம் ஓட்டையாகிவிடுமோ என்ற பயம் வேறு. மனமில்லாமல் ஒரு தொகையைக் கொடுக்கிறார்; அல்லது கோபத்தில் ஒரு காசுகூடத் தரமாட்டேன் என்கிறார். இரண்டிலும் கசப்புத்தான் மிச்சம். அதே தாளை வீட்டைக் காட்டிய முதல் நாளே நீட்டியிருந்தால் அவர் மொத்தத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருப்பார். வேண்டியதை வைத்துக்கொண்டு, வேண்டாததை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருப்பார். ஆகவே விற்பவர்களிடம் நான் எப்போதும் சொல்வது: தனியாக விலை கேட்க நினைக்கும் பொருள் எதுவாக இருந்தாலும் வீட்டு விலையைப் பேசும் அன்றே வாய் திறந்து சொல்லிவிடுங்கள். வாங்குபவர்களிடம் சொல்வது: அவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். ‘இந்த விலையில் என்னென்ன சேரும்?’ என்று கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது, எது வீடு, எது பொருள் என்ற கேள்வி. வழக்கறிஞராக இருக்கும் என் தங்கை மகளிடம் இதைக் கேட்டேன். மண்ணோடு சேர்ந்தது மண்ணுக்கே சொந்தம் என்ற பொருளில் லத்தீன் மொழியில் ஒரு பழைய விதி உண்டாம். அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதற்கு 1872-இல் இங்கிலாந்தில் வந்த ஹாலண்ட் எதிர் ஹாட்சன் தீர்ப்பை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள் என்றாள். ஓர் ஆலையின் தரையில் ஆணி அடித்து நிறுத்தியிருந்த தறிகள் ஆலைக் கட்டடத்தைச் சேர்ந்தவையா, தனிப் பொருள்களா என்பது வழக்கு. கட்டடத்தைச் சேர்ந்தவை என்று முடிவானது. அந்தத் தீர்ப்பில் நீதிபதி பிளாக்பர்ன் சொன்ன ஓர் எடுத்துக்காட்டு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. சாந்து பூசாமல் கல் மேல் கல்லாக அடுக்கிக் கட்டிய சுற்றுச்சுவர் நிலத்தின் பகுதியாகிவிடும். அதே கற்களைக் கட்டடக்காரர் தம் முற்றத்தில் இட வசதிக்காக அதே மாதிரி அடுக்கி வைத்தால் அவை வெறும் கற்கள்தாம். எவ்வளவு இறுக்கமாகப் பொருத்தியிருக்கிறது என்பதோடு, எதற்காகப் பொருத்தினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

அதே நாட்டில் 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு குடியிருப்பின் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்திருக்கிறது. சமையலறையில் பொருத்திய அலமாரிகள், குளியலறைக் குழாய்கள், துண்டு போடும் கம்பி ஆகியவை வீட்டோடு சேர்ந்தவை. தரை விரிப்பு, திரைச்சீலை, குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவை தனிப் பொருள்கள் என்று அங்கே முடிவு செய்தார்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இரு தரப்பும் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்தால் பெரும்பாலும் அதில் இருப்பதுதான் செல்லும் என்பதையும் அவள் சேர்த்தே சொன்னாள். ஆனாலும் நான் பார்த்த வரையில் வீடு வாங்குபவர்கள் மனத்தில் ஏறக்குறைய இதே கோடுதான் ஓடுகிறது. குழாய்க்கும் கதவுக் கைப்பிடிக்கும் மின் சுவிட்சுக்கும் தனி விலை கேட்டால் யாருக்கும் முகம் சுளிக்கும். கேட்கவும் கூடாது. அவை வீடு.

சிக்கல் முழுவதும் நடுவில் நிற்பவற்றில்தான்: சுவரோடு பொருத்திய அலமாரி, ஏ.சி., கீசர், தொங்குவிளக்கு, திரைக்கம்பி. இவற்றுக்கு விலை கேட்பது தவறு என்று நான் சொல்லவில்லை. கேட்கும் விலை எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வி.

விற்பவர் பட்டியலில் பெரும்பாலும் அவர் அன்று கொடுத்த விலை இருக்கும். பெரிய மனதோடு அதில் கொஞ்சம் குறைத்திருப்பார். அந்தப் பணம் அவர் அனுபவித்துத் தீர்த்த பணம் என்பதை அவர் நினைப்பதில்லை. அத்தனை ஆண்டுகள் அந்த அலமாரியைத் திறந்து மூடியவர் அவர்தானே?

மாடுலர் சமையலறையையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் சண்டை அதிகம் அதில்தான். அதன் பெட்டிகள் பல வீடுகளில் பார்ட்டிகிள் போர்டில் செய்தவை. மரச் சீவலையும் தூளையும் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை அது. வெளியே மைக்கா பளபளவென்று இருக்கும். நான் போனால் முதலில் சிங்கின் கீழ்க் கதவைத் திறந்து, அடிப்பலகையின் பின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். குழாயில் சொட்டு நீர் கசிந்திருந்தால் அந்த இடம் ஊறி உப்பியிருக்கும். விரல் உள்ளே இறங்கும். ஓரப்பட்டை பிரிந்து, உள்ளே பலகை பொருக்குத் தட்டி உதிர்ந்துகொண்டிருக்கும். அடுத்து, அதிகம் திறக்கும் கதவின் கீலைப் பார்ப்பேன். கதவு தொங்கியிருந்தால் ஸ்க்ரூ பிடிப்பு விட்டுவிட்டது என்று பொருள். பார்ட்டிகிள் போர்டில் ஒருமுறை கழற்றிய ஸ்க்ரூவை அதே ஓட்டையில் மறுபடி முடுக்கினால் பழைய பிடிப்பு வராது. டிராயரை முழுதாக வெளியே இழுத்து, கொஞ்சம் கீழே அழுத்தி, அது ஓடும் தண்டவாளமான சேனல் ஆடுகிறதா என்று பார்ப்பேன். இதற்கெல்லாம் ஒரு கால் மணி நேரம் போதும். வாங்குபவரே செய்துகொள்ளலாம், தச்சர் தேவையில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் சமையலறை அந்தச் சுவருக்கு அளவெடுத்துச் செய்தது. அங்கிருக்கும் தூணைச் சுற்றி வெட்டியிருப்பார்கள், அங்கிருக்கும் ஜன்னலுக்குக் கீழே அடக்கியிருப்பார்கள். பெயர்த்தெடுத்தால் வேறு வீட்டில் அப்படியே உட்காராது. பெயர்ப்பதற்குக் கூலி, கொண்டுபோக வண்டி வாடகை, புது இடத்தில் வெட்டிச் சேர்க்க மறுபடியும் கூலி. இவ்வளவுக்கும் பிறகு பாதிப் பலகை உடைந்திருக்கும். ‘தராவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவேன்’ என்று விற்பவர் சொல்லும்போது வாங்குபவர் பயப்படத் தேவையில்லை என்று நான் சொல்வது இதனால்தான். எடுத்துப் பார்த்தவன் சொல்கிறேன், அது அவருக்கு நஷ்டம். நல்ல பிளைவுட்டிலோ முழு மரத்திலோ செய்து, தனியாக நிற்கும் அலமாரி என்றால் கதை வேறு. அதைக் கழற்றி இன்னொரு வீட்டில் நிறுத்தலாம், இன்னொருவருக்கு விற்கலாம். அதற்கு விற்பவர் கேட்கும் விலைக்கு வாங்குபவர் காது கொடுக்க வேண்டும்.

ஆகவே விலைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. கீழ் எல்லை, அந்தப் பொருளைப் பழைய பொருள் வாங்குபவரிடம் போட்டால் கழற்றும் கூலியும் வண்டிச் செலவும் போக விற்பவர் கையில் நிற்கும் தொகை. பல நேரங்களில் அது ஒன்றுமே இல்லை. சில நேரங்களில் அவரே பணம் கொடுத்து அப்புறப்படுத்த வேண்டியிருக்கும். மேல் எல்லை, அதே தரத்தில் இன்று புதிதாக வாங்கிப் பொருத்த ஆகும் செலவில், அந்தப் பொருளுக்கு மிச்சமிருக்கும் ஆயுளின் பங்கு. பத்து ஆண்டு உழைக்கும் பொருள் ஆறு ஆண்டு உழைத்துவிட்டது என்றால் பத்தில் நான்கு பங்கு. அதற்கு மேல் கொடுப்பதில் நியாயமில்லை. ரசீது இல்லை, உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது, அல்லது உத்தரவாதம் முதல் உரிமையாளருக்கு மட்டும்தான் என்றால் அதிலிருந்தும் இறங்கி வர வேண்டும். இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில் எங்கே முடித்தாலும் இருவருக்கும் லாபம்தான். விற்பவருக்குச் சுமக்கும் வேலை மிச்சம். வாங்குபவருக்குக் குடிபோன அன்றே சமைக்கலாம், துணி அடுக்கலாம், ஆளுக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்த வசதிக்கும் ஒரு விலை உண்டு என்பதை வாங்குபவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஏ.சி., கீசர் என் தொழில் இல்லை. ஆனால் கூட வேலை செய்பவர்களிடம் கற்றுக்கொண்ட இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். ஏ.சி.யின் வெளிப்பெட்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் தயாரித்த ஆண்டும், உள்ளே இருக்கும் குளிர்விக்கும் வாயுவின் பெயரும் அச்சிட்டிருக்கும். ஆர்-22 என்று இருந்தால் அதற்குப் பணம் கொடுப்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள். ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் அந்த வகை வாயுவை வளர்ந்த நாடுகள் 2020-க்குள்ளும் வளரும் நாடுகள் 2030-க்குள்ளும் கைவிட வேண்டும் என்பது ஏற்பாடு. வாயு கசிந்தால் நிரப்புவதற்கே அல்லாட வேண்டிவரும். தொட்டி வைத்த கீசரின் உள்ளே பொதுவாக மெக்னீசியத்தில் செய்த ஒரு கம்பி இருக்கும். தொட்டி துருப்பிடிக்காமல் தடுக்க அது தன்னைக் கரைத்துக்கொள்ளும். அதை எப்போது மாற்றினீர்கள் என்று விற்பவரைக் கேளுங்கள். மாற்றியதே இல்லை, கீசருக்கும் வயதாகிவிட்டது என்றால், அந்தத் தொட்டி எந்த நாளும் ஒழுகலாம் என்று வைத்துத்தான் விலை பேச வேண்டும். இரண்டு இயந்திரங்களையும் உங்கள் எதிரிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பேசும் விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வீட்டில், வயதான தம்பதியர் விற்கிறார்கள். கூடத்தில் தேக்கில் செய்த உயரமான புத்தக அலமாரி. வாங்க வந்த இளைஞருக்கு அது உள்ளூர வேண்டும் என்று அவர் கண்ணிலேயே தெரிந்தது. ஆனால் விலையைக் குறைக்கிறேன் என்று, ‘இந்தக் காலத்தில் இதை யார் வைப்பார்கள், இடத்தை அடைக்கும் குப்பை’ என்றார். அந்த அம்மா எழுந்து போய், அலமாரியின் கண்ணாடிக் கதவை மெல்லச் சாத்தினார். ‘இது விற்பனைக்கு இல்லை, தம்பி’ என்றார். அதன் பிறகு அந்த இளைஞர் என்ன விலை சொன்னாலும் அந்தத் தம்பதியர் இறங்கி வரவில்லை. அதை உறவுக்காரர் ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோகக் கழற்றிக் கொடுத்ததும் நான்தான். ஒரு பொருளுக்குக் குறைவான விலை சொல்வது வேறு, அந்தப் பொருளை மட்டம் தட்டுவது வேறு. ‘நல்ல பொருள்தான் ஐயா, என் கையில் இவ்வளவுதான் இருக்கிறது’ என்று சொல்லியிருந்தால் அவர்கள் மகிழ்ச்சியோடு கொடுத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

விற்பவர்களும் ஒரு பழக்கத்தை விட வேண்டும். ‘எல்லாம் சேர்த்து ஒரே தொகை’ என்று கேட்பதைத்தான் சொல்கிறேன். நல்ல அலமாரியின் நிழலில் ஓடாத மின்விசிறியும் நிறம் போன திரைச்சீலையும் மறைந்துகொள்ளும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை எழுதுங்கள். வாங்குபவர் நான்கை எடுத்து மூன்றை விட்டால் கோபப்படாதீர்கள். விட்டதை எடுத்துக்கொண்டு போங்கள், போகும்போது சுவரில் ஓட்டையை அடைத்துவிட்டுப் போங்கள். வேண்டாத பழைய கட்டிலையும் கிழிந்த மெத்தையையும் ‘உங்களுக்கு இலவசம்’ என்று விட்டுவிட்டுப் போவது கொடை ஆகாது. அவற்றைத் தூக்கிப் போடும் செலவு வாங்கியவர் தலையில் விழுகிறது.

முடிவானதை எழுத வேண்டும். இதில் நான் கடுமையாகவே இருப்பேன். ஏ.சி. என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த அறை, எந்த நிறுவனம், எந்த மாடல், வரிசை எண் என்ன என்பது வரை எழுத வேண்டும். பேசும்போது இருந்த நல்ல குழாயைக் கழற்றிவிட்டு, சாவி கொடுக்கும் நாளில் அந்த இடத்தில் மட்டமான குழாயைப் பொருத்தி வைத்திருந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். வாங்கியவரிடம் ஒரு படம்கூட இல்லை. கேட்டதற்கு, முதலிலிருந்தே இதுதான் இருந்தது என்றார்கள். கைப்பேசியில் ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து, பட்டியலோடு சேர்த்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் முன்பணத்துக்கு முன்பே ஒப்பந்தத்தோடு இணைந்திருக்க வேண்டும். சாவியை வாங்கும் நாளில் அதைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாகப் பார்த்த பிறகே மிச்சப் பணத்தைக் கொடுங்கள். இங்கிலாந்தில் வீடு விற்பவர் எதை விட்டுச் செல்கிறார், எதை எடுத்துச் செல்கிறார், எதற்கு விலை கேட்கிறார் என்று நிரப்பிக் கொடுக்க அச்சிட்ட படிவமே உண்டு என்று தங்கை மகள் சொன்னாள். நல்ல ஏற்பாடு.

பணத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வீட்டுக் கடன் கொடுப்பவர்கள் பொதுவாகக் கட்டடத்தையும் நிலத்தையும்தான் மதிப்பிடுவார்கள். கட்டிலுக்கும் சோபாவுக்கும் பேசிய தொகையைப் பெரும்பாலும் உங்கள் கைப்பணத்திலிருந்துதான் தர வேண்டும். அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வீட்டு விலையில் ஒரு பகுதியைத் தளவாடங்களின் விலை என்று காட்டினால் பதிவுக்கான வரி குறையும் என்று சிலர் காதில் ஓதுவார்கள். பொருளின் உண்மையான மதிப்பு எவ்வளவோ அவ்வளவைக் காட்டுவதில் தவறில்லை. பழைய சோபாவுக்குப் பொன் விலை எழுதினால் அது வரி ஏய்ப்பு. பின்னால் விசாரணை வந்தால் விற்பவர் வந்து நிற்கமாட்டார்.

கடிதம் எழுதிய அந்த வாசகருக்குச் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் அலமாரிகளுக்கு மதிப்பில்லை என்று யாரும் சொல்லவில்லை, ஐயா. பார்க்க வந்தவர் அந்த வீட்டுக்கு ஒப்புக்கொண்ட விலையிலேயே அவற்றின் பங்கும் இருந்திருக்கும். வெறும் சுவராக நின்றிருந்தால் அந்த விலைக்கு அவர் வந்திருக்கமாட்டார்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழின் வீடு-மனைப் பக்கத்தில் இந்தப் பட்டியலுக்கு ஒரு மாதிரிப் படிவத்தை வெளியிட்டால் மிகவும் உதவியாக இருக்கும். பொருள், இருக்கும் அறை, வாங்கிய ஆண்டு, மாடலும் வரிசை எண்ணும், வீட்டு விலையில் சேர்ந்ததா, தனி விலையா, விற்பவர் எடுத்துச் செல்வதா, கீழே இருவர் கையெழுத்து. அரைப் பக்கம் போதும். வாசகர்கள் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள்; நானும் பிரதி எடுத்து, வேலைக்குப் போகும் வீடுகளில் எல்லாம் கொடுப்பேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
தச்சுத் தொழிலாளி